எடு என்றால் எடுப்போம்

என் தம்பி உள்ளே வந்தபோது நான் ஏணியின் உச்சியில், வாயில் திருகாணிகளைக் கடித்துக்கொண்டு, கூரையில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவன் தப்பித்தான். கீழே நின்றிருந்தால் முதல் வார்த்தைக்கே ஒன்று வைத்திருப்பேன்.

"அக்கா, எடு," என்றான்.

அவ்வளவுதான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. கையில் போன். போனில் எங்கள் வாசல் சுவரின் படம். அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு நாங்களே எழுதி வைத்திருந்த வாசகத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். "இந்தக் கண்காட்சியில் யாருடைய முகமோ குரலோ உடலோ இருந்தாலும், அவர் வந்து எடு என்றால் எடுப்போம். காரணம் கேட்க மாட்டோம்." வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தான்.

"யாருடையன்னு போட்டிருக்கீங்க. பொம்பளைங்களோடன்னு போடல. உள்ள இருக்கறது என் குரல். எடு."

திருகாணிகளை அவன் பக்கமாகத் துப்பினேன். ஒன்று அவன் சட்டையில் பட்டு விழுந்தது. "முதல்ல ஏணியை விட்டுத் தள்ளி நில்லுடா," என்றேன்.

மறுநாள் காலை எங்கள் கண்காட்சியின் திறப்பு. பெண்கள் கணினியும் கேமராவும் இயந்திரக் குரலும் கொண்டு செய்கிற கலையைத் தேடிப் பிடித்து, தேர்ந்தெடுத்து, இடம் பார்த்து வைத்து, சண்டைக்கு வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவது என் வேலை. என் அம்மா இதைப் 'படம் மாட்டற வேலை' என்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அதையும் சொல்ல மாட்டாள், பேச்சை மாற்றிவிடுவாள். இந்த முறை மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட அமைத்த மாதிரி அறைகளைக் கடைக்காரர் அப்படியே விட்டுப்போயிருந்தார். கட்டில் இல்லாத படுக்கையறை, திறந்தால் சுவர் மட்டும் தெரிகிற சன்னல், திருகினால் காற்றுகூட வராத குழாயோடு ஒரு சமையலறை. அந்தச் சமையலறையில்தான் கண்காட்சியின் பெரிய படைப்பை வைத்திருந்தோம்.

அதன் பெயர் 'வீடு'. உள்ளே நீங்கள் காலை வைத்ததும் கூரையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்கும். "எங்க இருந்து வர்ற?" நீங்கள் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றால், ஏன் பேசவில்லை என்று கேட்கும். நகர்ந்தால் விளக்கை அணைக்கும். போதும்டா சாமி என்று வெளியேறப் போனால் கதவு உங்களைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டுதான் விடும். குரல் என் தம்பியுடையது. செய்தவள் அவன் மனைவி.

அவளை எங்கள் வீட்டில் இன்னும் 'புதுப்பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, அவளும் வீட்டை விட்டு வெளியேறி, விவாகரத்து வழக்கு நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆனாலும் அவள் புதுப்பொண்ணுதான். வந்த அன்று உட்கார வைத்த நாற்காலியை விட்டு அவளை யாரும் எழுந்திருக்க விடவேயில்லை என்று எனக்குத் தோன்றும்.

தம்பிக்குப் புதுப் பொருள்கள் என்றால் பைத்தியம். விளக்கு, ஏசி, வாசல் பூட்டு, அறைக்கு ஒரு கேமரா, கூரைக்குள் பேசுகிற பெட்டி என்று எல்லாவற்றையும் போனில் கட்டிவைத்திருந்தான். வீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன். உறவுக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும் ஒருமுறை போய்த் தங்கினேன். காலையில் கடைக்குக் கிளம்பிக் கதவைத் தொட்டால் திறக்கவில்லை. இழுக்கிறேன், தள்ளுகிறேன், அசையவே மாட்டேன் என்கிறது. தலைக்கு மேலே குரல்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"கடைக்குடா, எருமை!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினேன்.

மேலிருந்து ஒரு சிரிப்பு. "ஐயோ, நீயா அக்கா? அவளோன்னு நினைச்சிட்டேன்." கதவு திறந்துகொண்டது. புதுப்பொண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சமையலறையில் கேமராவுக்கு நேர் கீழே போய், முகத்தை மேலே தூக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் குரல் வந்ததும் அப்படி நிற்க வேண்டும் என்று அவள் உடம்புக்கே பழகியிருந்தது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, உன் பையன் வீடு கட்டவில்லை, கூண்டு கட்டியிருக்கிறான் என்று சொன்னேன். அம்மா கேட்டாள்: "கை நீட்டினானா? குடிச்சிட்டு வந்தானா? அப்புறம் என்ன?" இன்றைக்கு வரை அந்தக் கேள்விக்கு மேல் அவள் ஓர் அங்குலம் நகரவில்லை.

புதுப்பொண்ணு வெளியேறியபோது நகையைத் தொடவில்லை. வீட்டில் யார் பேசியதையும் அந்தக் கேமரா சேமித்து வைத்திருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மென்பொருள் வேலையில் இருந்தவள், வேலையைத்தான் விட வைத்தார்களே தவிர, மூளையை விட வைக்க முடியவில்லை. அவன் குரலை ஓர் இயந்திரத்துக்கு ஊட்டிப் பேசக் கற்றுக்கொடுத்தாள். நீதிமன்றத்தில், "அவர் என்னை அடிக்கலீங்க, ஆனா" என்று அவள் தொடங்கும்போதே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை யாராவது உள்ளே நின்று அனுபவிக்கட்டும் என்றுதான் 'வீடு' செய்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். அது எவ்வளவு சின்ன ஆசை!

அதைத்தான் என் தம்பி எடு என்றான்.

"யாருடா உனக்குச் சொன்னது?" என்று ஏணியிலிருந்து இறங்கினேன்.

"நீங்க போட்ட விளம்பர வீடியோ போன் போனா சுத்துது. ஆபீஸ்ல ஒருத்தன் வந்து, இது உன் குரல் மாதிரியே இருக்கேங்கறான். எனக்கு எப்படி இருக்கும்?"

"அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?"

"அக்கா, வாய்ச்சண்டை வேணாம். நான் பேசாததை எல்லாம் அந்த மெஷின் என் குரல்ல பேசுது. நான் சொல்லாத வார்த்தை அது. இதே வேலைய எவனாவது உன் மூஞ்சிய வெச்சுப் பண்ணியிருந்தா நீ ஊர்வலமே போயிருப்ப."

எனக்கு ஆத்திரம் வந்ததற்குக் காரணம், அவன் சொன்னது உண்மை. அந்த விதி பிறந்ததே அப்படித்தான். ஒரு பெரிய காட்சிக்கூடத்தில் ஓர் ஆள், பெண் பிள்ளைகளின் படங்களை இணையத்திலிருந்து வழித்தெடுத்து, இயந்திரத்தைக் கொண்டு வேறு உடம்புகளில் ஒட்டிக் கலை என்று வைத்திருந்தான். ஒரு கல்லூரிப் பெண் போய், இது என் முகம், எடுங்க என்று அழுதாள். கலையைப் புரிந்துகொள்ளும்மா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வெறியில் நாங்கள் எழுதியதுதான் சுவரில் இருப்பது. 'யாருடைய' என்ற சொல்லைப் போட்டது எங்கள் குழுவின் வக்கீல். போடு, இன்னும் பெரிதாகப் போடு என்று தூரிகையை எடுத்துக் கொடுத்தவள் நான்.

"நாளைக்குக் காலையில வருவேன். அம்மாவையும் கூட்டிட்டு வருவேன். என் குரல் இருந்துச்சு, நீங்க ஊருக்கு உபதேசம் பண்றவங்கன்னு வாசல்லயே நின்னு சொல்வேன்," என்றான் தம்பி. போகிறபோது சமையலறைக் குழாயை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் படியிறங்கி முடிப்பதற்குள் அம்மா போனில் வந்துவிட்டாள். பேசிவைத்துக்கொண்டு செய்வார்கள் போல.

"கூடப் பொறந்தவனை நடுத்தெருவுல நிக்க வெச்சு வேடிக்கை காட்டற. நீ நல்லா இருப்பியா?"

"நல்லாத்தான் இருக்கேன். அவன் பேசினதைத்தானேம்மா வெச்சிருக்கோம்."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். எங்க காலத்துல இல்லாததா? நாங்க என்ன, ரெக்கார்ட் பண்ணி மைக் செட்டு போட்டோமா?"

"போட்டிருக்கணும்!"

அம்மா படக்கென்று வைத்துவிட்டாள். அவளிடம் கடைசி வார்த்தை எனக்குக் கிடைப்பது அபூர்வம், ஆனால் அன்று அது இனிக்கவில்லை.

குழுவைக் கூப்பிட்டேன். பெரிய குழு ஒன்றுமில்லை. வக்கீல், விளக்கும் வயரும் பார்க்கிற 'கரண்ட்டு', புதுப்பொண்ணு, நான். கரண்ட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். தொட்டால் அவளும் அடிப்பாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். நான் தொடங்கும்போதே முடிவோடுதான் தொடங்கினேன்.

"எடுக்க மாட்டோம். சுவர்ல இருக்கறதுக்கு வெள்ளை அடிச்சிடலாம். அவ்வளவுதான்."

"அடிக்க முடியாது," என்றாள் வக்கீல்.

"ஏன், சுண்ணாம்பு இல்லையா?"

"உன் நக்கலை அப்புறம் வெச்சுக்க. அவன் வந்து கேட்டுட்டுப் போனப்புறம் அழிச்சா, நாளைக்கு எந்தப் பொண்ணு எங்க போய் என் முகத்த எடுன்னு கேட்டாலும், அவங்களே அழிச்சாங்களேன்னு நம்ம பேரைச் சொல்லித்தான் துரத்துவானுங்க. இது நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் எழுதின விதியா?"

"அவன் என் தம்பி! அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவனுக்குக் குரல் போச்சேன்னு கவலை இல்ல. இங்கயும் அவன்தான் கதவைப் பூட்டணும், அதுக்குத்தான் வந்திருக்கான்!"

"தெரியும். எனக்கும் அவனை மிதிக்கணும் போலத்தான் இருக்கு. ஆனா எடுத்துத்தான் ஆகணும்."

கத்தினோம். ஒருவர் பேசி முடிக்க ஒருவர் விடவில்லை. நீ யார் பக்கம் என்று நான் கேட்டேன். பக்கம் பார்த்து விதி எழுத வேண்டுமானால் உன் தம்பியையே கூப்பிட்டு எழுதச் சொல், நன்றாக எழுதுவான் என்றாள் அவள். கரண்ட்டு எழுந்து போய் ஒரு வயரை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினாள். இவ்வளவுக்கும் நடுவில் புதுப்பொண்ணு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தொண்டையைச் செருமினாள்.

"அவர் குரலை எடுத்துடலாம், அண்ணி."

எனக்கு வந்ததே கோபம்! "இப்பவும் 'சரிங்க'தானா உனக்கு? அவன் எடுன்னா எடுத்துடுவியா? இத்தனை மாசம் ராப்பகலா உழைச்சதை அவன் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னதும் தூக்கிக் குடுத்துடுவியா? பழகிப்போச்சு, இல்ல?"

சொன்ன வாயைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுவிட முடியுமானால் போட்டிருப்பேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஆமா, பழகிப்போச்சு. அதைத்தான் சொல்ல வரேன். என்னை முடிக்க விடுவீங்களா, இல்ல நீங்களும் அவர் அக்காதானா?"

கரண்ட்டு வயரைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவுல ரெண்டு பேர் குரலும் இருந்துச்சு. மெஷினுக்கு அவர் குரல் மட்டும் வேணும்னு என்னோடதை வெட்டி எடுத்துட்டேன். ஒவ்வொண்ணுலயும். வெட்டினது எல்லாம் ஒரு இடத்துல கிடக்கு. நான் கேட்டதே இல்ல. அவர் பேசினதைக் கேட்டா எனக்குக் கோபம் வருது, அதைத் தாங்கிக்கறேன். நான் பதில் சொன்னதைக் கேட்டா…" அவள் நிறுத்தினாள். "என்னையே போட்டு அறையணும் போல இருக்கும். எவ்வளவு குழைஞ்சிருக்கேன் தெரியுமா? அசிங்கம், அண்ணி. அதை வெளிய வைக்கறதுக்கு நான் ஒத்துக்குவேன்னு நேத்து வரைக்கும் நானே நினைக்கல."

"வேணாம்," என்றேன். நிஜமாகவே பதறிவிட்டேன். "உன் மானத்தைக் குடுத்து அவனை ஜெயிக்க வேணாம்."

"என் குரல். அதை எடுன்னு சொல்ல இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் உரிமை. உங்க சுவர்லயே எழுதியிருக்கு. நான் சொல்லப் போறதில்ல."

வக்கீல் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். நான் எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தேன். வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. முதலில் தம்பியைத் திரும்ப வரவழைத்தோம். அவன் கண் முன்னாலேயே அவள் அந்த இயந்திரக் குரலை அழித்தாள். அவன் திரைக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகல் இருக்கிறதா, வேறு எங்காவது போட்டு வைத்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றையும் திறந்து காட்டினாள். முடிந்ததும் என் தோளைத் தட்டி, "நீ நியாயமானவக்கா. அம்மாகிட்டயும் சொல்லிடறேன்," என்றான். அந்தத் தோளை அன்று மாலை இரண்டு தடவை கழுவினேன்.

பிறகு அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தான் வெட்டிப் போட்டதையெல்லாம் கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் கேட்காது, அவள் முகம் மட்டும் தெரியும். கரண்ட்டு, "பார்க்காத, வா," என்று என்னை இழுத்துக்கொண்டு போய் வயர் பிடிக்க வைத்தாள். ஒருமுறை அவள் சிரித்தது கேட்டது. ஒருமுறை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவள் சேர்த்த விதம் இதுதான்: தன் குரல் முழுவதையும் ஒரு நாள்போல வரிசையாக வைத்தாள். அவன் பேசிய இடங்களில் அவன் பேசிய அளவுக்கு அப்படியே வெறுமையாக விட்டாள். அவன் நீளமாகப் பேசியிருந்தால் நீளமான அமைதி. அந்த அமைதியில் விளக்கு தாழும், அவள் குரல் வந்தால் ஏறும். கதவு முன்போலவே பிடித்து வைக்கும்.

மறுநாள் கூட்டம் நன்றாகவே வந்தது. விளம்பர வீடியோ பார்த்து வந்தவர்கள் பாதி, மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. சமையலறையில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது. நான் வாசலில் நின்று ஆட்களை விட்டுக்கொண்டிருந்தேன். தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். பின்னால் அம்மா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்தாச்சில்ல?" என்றான் தம்பி.

"உள்ள போய்ப் பாரு," என்றேன். நானும் கூடவே நுழைந்து கதவோரம் நின்றேன். புதுப்பொண்ணு மூலையில் ஒரு தட்டிக்குப் பின்னால், கணினிப் பக்கம் கரண்ட்டுடன் இருந்தாள். அவள் தலை மட்டும் தெரிந்தது.

கூரை பேசியது. அவள் குரல்தான், ஆனால் நான் அறிந்த குரல் இல்லை. மெலிந்து, அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வந்துட்டேங்க."

விளக்கு தாழ்ந்தது. அமைதி.

"கடையில கூட்டம்ங்க, அதான்."

அமைதி. இது கொஞ்சம் நீளம்.

"இல்லங்க, யார்கிட்டயும் நின்னு பேசல."

மழைக்கு ஒதுங்கிய ஓர் அம்மாள், நனைந்த குடையோடு என் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த அமைதியில் அவர் தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். "பொய் சொல்லாத." நான் திரும்பிப் பார்த்தேன். தான் பேசியது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

"போன் பைக்குள்ள இருந்துச்சுங்க. கேக்கல."

"காதை எங்க அடகு வெச்ச?" இன்னொரு மூலையிலிருந்து, இளவயதுக் குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"தப்புதாங்க. இனிமே பண்ண மாட்டேன்."

யாரோ ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். அமைதி வரும்போதெல்லாம் இப்போது ஒருத்தி இல்லாவிட்டால் ஒருத்தி அதை நிரப்பினாள். ஒவ்வொருத்திக்கும் கைவசம் ஒரு வரி இருந்தது. யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆண்கள் சிலரும் உள்ளே இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "அக்கா, இதையும் எடு."

"எதை?"

"இதை. இது என்னோடதுதான்."

"உன் குரல் எங்க இருக்கு? காட்டு, இப்பவே எடுக்கறேன். விதி விதிதான்."

"அதான்… நடுவுல வருதே…"

"நடுவுல ஒண்ணுமே இல்லையேடா."

பிறந்ததிலிருந்து அவனிடம் நான் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை. கூரையிலிருந்து அவள் கேட்டாள்.

"சாப்பாடு ஆறிடுச்சு. சூடு பண்ணி வைக்கட்டுமாங்க?"

விளக்கு தாழ்ந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. அந்தத் தொனி செத்துப்போன என் அப்பாவினுடையது.

"கொண்டுபோய்க் கொட்டு."

சொன்னது என் அம்மா. கைப்பையை அணைத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் சொன்னாள்.

தம்பி வெடித்துவிட்டான். "அம்மா! நீயுமா? நான் அப்படிச் சொல்லவே இல்ல! எனக்கு வேணாம், நீயே தின்னுக்கோ, ஆனா நான் வர்ற வரைக்கும் லைட்டு எரியாதுன்னுதான் சொன்னேன்! அவ்வளவுதான் சொன்னேன்!"

அறை முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. நனைந்த குடைக்கார அம்மாள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அம்மா தன் பையனை, எங்கேயோ பார்த்த ஆள் மாதிரிப் பார்த்தாள்.

"நான் உன்னைச் சொல்லலடா," என்றாள். "அது உங்கப்பா சொல்றது."

அவன் ஏதோ சொல்லப் போனான். அதற்குள் கூரை பேசியது.

"லைட்டப் போடுங்க. கையில கத்தி இருக்கு, எங்க வெட்டறேன்னே தெரியல."

விளக்கு தாழ்ந்தது. இந்த முறை யாரும் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், அவனுக்குத்தான் வரி தெரியுமே. தட்டிக்குப் பின்னால் புதுப்பொண்ணு எழுந்து நின்றாள். அவளும் பார்த்தாள். அந்த அமைதி நீளமாக இருந்தது, ரொம்ப நீளமாக. என் தம்பி வெளியே போகக் கதவைத் தொட்டான். அது திறக்கவில்லை. கையை அதன் மேல் வைத்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.

விளக்கு மெல்ல ஏறியது.

"சரிங்க," என்றது கூரை.